வண்டியின் நெற்றி

என் வண்டியின் மூளைக்கு நானே சந்தனம் பூசி, நானே பன்னீர் தெளித்து, நானே மூடியைச் சாத்தி அதைக் கொன்றேன். மூன்று மாதம் இதை யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் கொன்றது நான்தான் என்று எனக்கே தெரியாது. தெரிந்த பிறகும் வீட்டில் சொல்லவில்லை. அதற்குக் காரணம் வேறு.

நடந்தது ஆயுத பூஜை அன்று. செங்கல்பட்டில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே எல்லா வண்டிகளும் குளித்துவிட்டு வரிசையாக நின்றன. மற்றவர்கள் பானெட்டில் ஒரு பொட்டு, ஸ்டியரிங்கில் ஒரு பொட்டு, நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம் என்று பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டார்கள். எனக்கு அது போதவில்லை. நான் படித்தவன்.

"மனுஷனுக்குப் பொட்டு எங்க வைக்கிறோம்? நெத்தியில. ஏன்? அதுக்குப் பின்னால மூளை இருக்குன்னு ஒரு நம்பிக்கை. அப்போ வண்டிக்கு நெத்தி எங்கே?" என்று கூடியிருந்தவர்களைக் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். ஸ்டியரிங்குக்குக் கீழே, ஓட்டுபவரின் முழங்கால் இடிக்கும் இடத்தில் ஒரு மூடி இருக்கும். அதைக் கழற்றி, உள்ளே ஃப்யூஸ்கள் வரிசையாகச் சொருகியிருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டி, "இதோ!" என்றேன். மூன்று விரலால் சந்தனத்தை அள்ளி இழுத்தேன். குங்குமம் வைத்தேன். பன்னீர்ச் செம்பை மூன்று முறை உதறினேன். பிறகு, யார் கால்சட்டையிலும் சந்தனம் ஒட்டக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், ஈரத்தோடு மூடியை இறுக்கிச் சாத்தினேன்.

இதில் கூடுதல் வெட்கம் ஒன்று உண்டு. கல்பாக்கத்தில் ஓர் அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் நான் நூலகர். வருடாவருடம் அலுவலகப் பூஜையன்று, "பொட்டு அட்டையில மட்டும்தான், உள்ள ஒரு சொட்டு படக் கூடாது" என்று சந்தனக் கிண்ணத்தோடு வருகிற விஞ்ஞானிகளை விரட்டுவதே என் வேலை. இருபத்தெட்டு வருடத்தில் ஒரு புத்தகத்தின் ஒரு பக்கத்தில்கூடக் கறை பட்டதில்லை.

அந்த வண்டியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். வேட்டி முதல் வேலை வரை என் வாழ்க்கையில் எல்லாவற்றையும் யாரோ எனக்காகத் தேர்ந்தெடுத்தார்கள். நானாகப் போய்ப் பார்த்து, நானாகப் பிடித்து வாங்கியது இந்த ஒரு எஸ்யூவிதான். அதுவும் எங்கும் போவதற்காக இல்லை. நூலகத்தில் உட்கார்ந்திருப்பவனால் படிக்க முடியாது, மிட்டாய்க் கடைக்காரர் மிட்டாய் தின்ன முடியாததைப் போல. மாதத்தில் இரண்டு ஞாயிறு கடப்பாக்கத்துக்குப் போய், இடிந்த கோட்டைக்குப் பக்கத்தில் உப்பங்கழியைப் பார்க்க வண்டியை நிறுத்தி, பின்கதவை மேலே தூக்கிவிட்டு, பின்சீட்டை மடக்கிப் போட்டுக் காலை நீட்டிப் படிப்பேன். மீன்பிடிப் படகுகள் போகும், வரும். யாரும் வந்து, "சார், இந்தப் புத்தகம் எந்த ஷெல்ஃப்?" என்று கேட்கமாட்டார்கள். அந்த வண்டி எனக்குச் சொந்தமான நூலகம். அங்கே நான் வாசகன்.

ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் வண்டிக்குப் பித்துப் பிடித்தது. இடது பக்கம் திரும்ப இண்டிகேட்டரைப் போட்டால் பின்பக்க வைப்பர் ஆடியது. நான்கு கதவும் தாங்களாகப் பூட்டிக்கொண்டு, தாங்களாகத் திறந்து, யோசித்துப் பார்த்து மறுபடி பூட்டிக்கொண்டன. உள்விளக்கு அணையவே இல்லை. வாரம் இரண்டு முறை பேட்டரி இறங்கியது. எல்லோரும் மழைமேல் பழியைப் போட்டோம். மழை எதிர்த்துப் பேசாது. சர்வீஸ் சென்டரில் வைப்பர் மோட்டாரை மாற்றினார்கள். அடுத்த முறை ஸ்டியரிங் பக்கத்துச் சுவிட்சை மாற்றினார்கள். மூன்றாவது முறை பேட்டரியை மாற்றினார்கள். நான்காவது முறை நான் உள்ளே நுழைந்ததும் மேனேஜர் சாப்பிடப் போய்விட்டார். மணி பத்தரை.

பொறுமை எல்லை கடந்த இடம் திருக்கழுக்குன்றம். என் மனைவி அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். கூட வேலை பார்க்கும் டீச்சரின் அப்பா இறந்துபோய், துக்கம் விசாரிக்கப் போயிருந்தோம். மாலையைக் கையில் எடுத்துக்கொண்டு நாங்கள் பந்தலை நெருங்குகையில், பின்னால் எங்கள் வண்டி ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. விட்டு விட்டு இல்லை, ஒரே மூச்சாக. கூடவே வெயில் கொளுத்தும் அந்த நேரத்தில் வைப்பர் காய்ந்த கண்ணாடியைக் கரகரவென்று துடைத்தது. அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். மேளம் அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டு, போட்டிக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்கள். நான் ஓடிப்போய் பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன். பிறகுதான் பார்த்தேன், கையிலிருந்த மாலை என் கழுத்தில் இருந்தது. ஓடுவதற்கு வசதியாக நானே போட்டுக்கொண்டிருக்கிறேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் மனைவி போனில் யாருக்கோ மெசேஜ் தட்டிக்கொண்டே வந்தாள். எங்கள் ஊர்க் கொளவாய் ஏரி தெரிந்த பிறகு வாயைத் திறந்தாள்.

"பொங்கல் முடிஞ்சு வர்ற ரெண்டாவது ஞாயித்துக்கெழம என் தம்பி வந்து இந்த வண்டிய எடுத்துட்டுப் போவான். பேசிட்டேன்."

"அவன் எதுக்கு?"

"அவனுக்கு வண்டின்னா தெரியும். உங்களுக்குப் புக்குதான் தெரியும். நாம ஆட்டோல போவோம். ஆட்டோ ஹாரன் டிரைவர் அமுக்கினாத்தான் அடிக்குது."

அவள் தம்பி ஊரப்பாக்கத்தில் இருக்கிறான். சாவு வீட்டுக்கு மறுநாளே ரயிலேறி வந்துவிட்டான். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். பையிலிருந்து டேப்பை எடுத்து முன்னாலிருந்து பின்னால்வரை அளந்தான். அகலத்தையும் அளந்தான். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தான். பிறகு பெருமூச்சு விட்டு, "பெரிய்ய வண்டி மாமா" என்றான். நான் உயிரோடு இருக்கும்போதே எனக்குப் பாடை அளக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். போகும்போது மனைவி அவன் கையில் இரண்டாவது சாவியைக் கொடுத்து அனுப்பினாள்.

ஆக, மூன்று வாரம். அதற்குள் வண்டி சரியாக வேண்டும், இல்லையென்றால் உப்பங்கழியும் பின்கதவும் மச்சானுக்கு.

தெரிந்த ஒரே ஆயுதத்தைக் கையில் எடுத்தேன். எங்கள் நூலகம் கம்ப்யூட்டருக்கு மாறியபோது கழித்துவிட்ட பழைய அட்டவணை அட்டைகள் ஒரு மூட்டை என்னிடம் இருந்தன. வண்டி செய்த ஒவ்வொரு கோளாறையும் ஓர் அட்டையின் பின்பக்கத்தில் எழுதினேன். என்ன நடந்தது, மழையா வெயிலா, வண்டி ஓடியதா நின்றதா. நாற்பத்தொரு அட்டை சேர்ந்தது. சாப்பாட்டு மேசையில் பரப்பி இப்படியும் அப்படியும் அடுக்கினேன். முதலில் மழை அடிபட்டது, ஏனென்றால் பாதி அட்டை வெயிலில் எழுதியது. அப்புறம்தான் இல்லாததைக் கவனித்தேன். எஞ்சினுக்கு ஓர் அட்டை இல்லை. பிரேக்குக்கு இல்லை. கியருக்கு இல்லை. ஹாரன், வைப்பர், பூட்டு, விளக்கு, கண்ணாடி, இவைதான் திரும்பத் திரும்ப. இணையத்தில் தேடிப் பிடித்த ஒயரிங் படத்தை விரித்து ஒவ்வொன்றின் கோட்டையும் விரலால் பின்தொடர்ந்தேன். எல்லாக் கோடும் ஒரே பெட்டியில் போய் முடிந்தது. பாடி கன்ட்ரோல் மாட்யூல், விளக்கு, பூட்டு, ஹாரனை எல்லாம் ஆட்டிவைக்கும் மின்னணு மூளை. தலைப்பு நாற்பத்தொன்று, ஆசிரியர் ஒருவர்.

அந்தப் பெட்டி ஸ்டியரிங்குக்குக் கீழே, ஃப்யூஸ்களோடு ஒரே உடம்பாக இருக்கிறது என்றும் படம் சொன்னது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கண்டுபிடித்த போதையில் இருந்தேன்.

அட்டைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு பூஞ்சேரி கூட்ரோட்டில் இருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். ஐம்பது தாண்டியவர், தனி ஆள். நோயை எல்லாம் சாக்பீஸால் வண்டியின் முன்கண்ணாடியிலேயே எழுதிவிட்டு, தீர்ந்ததை ஒவ்வொன்றாக எச்சில் தொட்டு அழிப்பார். என் அட்டைக்கட்டை வாங்கி எடை பார்த்தார்.

"இன்னா சார் இது, ஜாதகமா?"

"பாடி கன்ட்ரோல் மாட்யூல் போயிடுச்சுங்க. புதுசு போடணும்."

"அல்லாரும் நெட்ல பாத்துக்கினு வந்து இத்தயே சொல்றாங்க. பத்துல ஒம்போது வண்டிக்கு எர்த்து ஒயருதான் பேஜாரு. டப்பா மேல பழி போடறதுக்கு மின்னாடி, டப்பாவுக்கு ஒழுங்கா கரண்ட் வருதா, எர்த்து கீதான்னு பாக்கணும். சோறு போடாம ஒர்த்தன வேல செய்யலன்னு திட்டக் கூடாது. அப்பறம், வண்டில நீ இன்னா பண்ணேன்னு மொதல்ல சொல்லு. எக்ஸ்ட்ரா ஹாரன் வெச்சியா? கலர் லைட்டு?"

"ஒண்ணுமே பண்ணல."

"அல்லாரும் அப்டித்தான் சொல்வாங்க."

மீட்டரை வைத்துப் பார்த்தார். கரண்ட் வந்தது. எர்த்தும் நன்றாக இருந்தது. லேசாக முகம் மாறியது. பிறகு எல்லாவற்றையும் அணைத்து, வண்டியைப் பூட்டி, பேட்டரி ஒயருக்கு நடுவே மீட்டரை மாட்டிவிட்டு டீக்கு அழைத்துப் போனார். நல்ல வண்டி அரைமணி நேரம் சும்மா நின்றால் உள்ளே எல்லாம் தூங்கிவிடுமாம். திரும்பி வந்து பார்த்தால் மீட்டர் இறங்கவே இல்லை. ஏதோ ஒன்று கரண்ட்டைக் குடித்துக்கொண்டிருந்தது. ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். கணக்கு மாறவில்லை. கடைசியில் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் போகும் பெரிய ஒயர்க்கொத்தை அதன் சொருகியோடு உருவினார். மீட்டர் சடாரென்று விழுந்தது.

"முழிச்சிக்கினே கீது சார் உன் டப்பா. ராவும் பகலும் தூங்கல."

"நான் சொன்னேன்ல?" என்றேன். எனக்கு அவர் ஒரு மாலை போடுவார் என்று எதிர்பார்த்தேன். நமக்குத்தான் மாலை ராசி உண்டே.

அவர் நான்கு போல்ட்டைக் கழற்றி, பெட்டியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். சொருகியின் ஊசிகள் பாதி பச்சை பூத்திருந்தன. அவற்றுக்கு நடுவே, வற்றிய ஏரி வெடித்த மாதிரி, மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது. அவர் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். என்னைப் பார்த்தார். மறுபடி முகர்ந்தார்.

"சார், முப்பது வருசமா டப்பா தொறக்கறேன். உள்ள எலி பாத்துகீறேன், கரப்பான் பாத்துகீறேன், ஒரு தபா தவள பாத்துகீறேன். கம்முனு வாசன அடிக்கிற டப்பா இதான் மொத தபா."

"மழைத் தண்ணி..."

"உங்க ஊர்ல மழ பன்னீர் கலந்தா பெய்யுது?"

சொல்லிவிட்டேன். நெற்றி, மூளை, மூன்று விரல், செம்பு, எல்லாவற்றையும். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. பட்டறையிலிருந்த சாமி படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "கும்புட்டது தப்பில்ல சார். ஆனா மனுசனுக்குப் பொட்டு நெத்தி மேலதான் வெக்கறது. மண்டைய தொறந்து உள்ள வெக்கறதில்ல."

வீட்டில் தெரிந்தால் எனக்குப் புக்குதான் தெரியும் என்பது உறுதியாகி வண்டி மச்சானுக்கே போய்விடும்; யாராவது கேட்டால் மழை என்று சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். தொழில் ரகசியமாக வைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தார்.

பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்ப்ரே அடித்து, காயவைத்துப் பார்த்தார். ஒருநாள் வேலை செய்தது. மறுநாள் காலை மறுபடி ஹாரன். பெட்டியைத் திறந்து உள்பலகையில் அரித்துப் போயிருந்த இரண்டு கோடுகளைக் காட்டி, "இது தேறாது, புதுசுதான்" என்றார்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சொல்லி வரவழைத்தோம். வியாழக்கிழமை பெட்டி வந்தது. எலக்ட்ரீஷியன் சந்தோஷமாக மாட்டப் போனார். நான் தடுத்து, பழைய பெட்டியின் எண்ணையும் புதியதன் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். பன்னிரண்டு இலக்கமும் ஒன்று. கடைசியிலிருந்த எழுத்து மட்டும் வேறு.

"ஒரு எழுத்துதான சார்? அதே வண்டி, அதே டப்பா."

"நான் நூலகருங்க. கடைசி எழுத்து மாறினா சமையல் புத்தகம் இருக்கற எடத்துல கதிர்வீச்சு வந்து நிக்கும்."

முணுமுணுத்துக்கொண்டே கடைக்குப் போன் போட்டார். பேசப் பேச அவர் குரல் இறங்கியது. அந்த எழுத்து பின்வைப்பர் இல்லாத மாடலுக்கானதாம். மாட்டியிருந்தால் என் பின்வைப்பர் ஆயுளுக்கும் ஓய்வு பெற்றிருக்கும். போனை வைத்துவிட்டு, "படிச்சவங்க சொல்றதும் சில நேரத்துல சரியாத்தான் கீது" என்றார். இருபத்தெட்டு வருடப் பணியில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ். நான் அதை மனதுக்குள் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

சரியான எழுத்தோடு பெட்டி சனிக்கிழமை காலை வந்தது. மறுநாள் ஞாயிறு, மச்சான். பேட்டரி ஒயரைக் கழற்றிவைத்துவிட்டு, ஒயர்க்கொத்தின் பக்கம் பச்சை ஏறியிருந்த முனைகளை வெட்டிப் புதிது போட்டார். ஒவ்வொன்றாக, நிறம் பார்த்து. நான் படத்தை வைத்துக்கொண்டு நிறத்தை வாசித்தேன். "பச்சையில வெள்ளைக் கோடு." "போட்டாச்சு." "ஊதாவுல மஞ்சள்." "போட்டாச்சு." மதியம் ஆயிற்று. பெட்டியை மாட்டி, பேட்டரியை இணைத்து, சாவியைத் திருப்பினேன்.

ஒன்றும் இல்லை. எஞ்சின் முனகக்கூட இல்லை. டேஷ்போர்டில் ஒரு சிறிய சாவிப் படம் மட்டும் சிவப்பாக மினுக் மினுக்கென்றது. இன்னொரு முறை திருப்பினேன், அதே மினுக்கல். மூன்று மாதமாக எவ்வளவு பித்துப் பிடித்தபோதும், பேட்டரியில் உயிர் இருந்தால் எஞ்சின் மட்டும் கிளம்பாமல் இருந்ததில்லை. நான் அதையும் சரிசெய்துவிட்டேன்.

"பயப்படாத சார். புதுசா வந்த டப்பாவுக்கு உன்ன யாருன்னே தெரியாது. உன் சாவி எதுன்னு நாமதான் அறிமுகம் பண்ணி வெக்கணும்." துண்டில் சுற்றிவைத்திருந்த ஸ்கேனரை எடுத்து வண்டியில் சொருகினார். எண்களை அடித்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "ரெண்டு சாவியும் குடு."

"ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு மச்சான்கிட்ட."

"ஒண்ணு மட்டும் பதிஞ்சா இன்னொண்ணு செத்துடும் சார். பெறவு அத்த வெச்சிக்கினு வண்டிகிட்ட நின்னாலும் கதவுகூட தொறக்காது. மச்சானுக்கு போன் போடு, எட்டு மணிக்குள்ள வரட்டும்."

பெருந்தன்மையோடு நடந்துகொள்ள வாழ்க்கை நமக்கு அடிக்கடி வாய்ப்புத் தருவதில்லை. தந்தபோது நான் அரை நொடி யோசித்தேன்.

"ஒண்ணு போதும்" என்றேன்.

அவர் என்னையும் ஸ்கேனரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு பொத்தானை அழுத்தினார். சிவப்புப் படம் மறைந்தது. திருப்பினேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. இடது இண்டிகேட்டர் போட்டேன், இடது இண்டிகேட்டர் எரிந்தது! இந்த வரியின் அழகு எல்லோருக்கும் புரியாது. வைப்பர், சொன்னபோது ஆடி, சொன்னபோது நின்றது. பூட்டச் சொன்னேன், பூட்டியது, அப்புறம் மனம் மாறவில்லை. எலக்ட்ரீஷியன் எச்சில் தொட்டுத் தொட்டு முன்கண்ணாடியில் இருந்த ஏழு நோயையும் அழித்தார். பழைய பெட்டியைப் பையில் போட்டுக் கொடுத்து, "பூஜ ரூம்ல வெச்சிக்க சார்" என்றார்.

வீட்டுக்குப் போகவேண்டியவன் மாமல்லபுரத்துப் பக்கம் திரும்பி, கடற்கரைச் சாலையைப் பிடித்து நேரே கடப்பாக்கம் போனேன். வழியில் இருந்த ஒவ்வொரு வளைவுக்கும், வளைவே இல்லாத சில இடங்களுக்கும், இண்டிகேட்டர் போட்டேன். கோட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தி, சாவியில் இருந்த பொத்தானை அழுத்தினேன். பின்கதவு கிளிக் என்றது. தூக்கிவிட்டேன். உப்பங்கழி இருந்த இடத்திலேயே இருந்தது. கையில் புத்தகம் இல்லை. வண்டியின் உபயோகக் குறிப்பை எடுத்து நாற்பது பக்கம் படித்தேன். அன்று அது எனக்குக் காவியமாக இருந்தது.

மாலை மனைவி செய்முறைத் தேர்வு நடத்தினாள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, "இடது... வலது... ஹாரன்... பின்னாடி வைப்பர்... கதவு" என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். கால்மணி நேரம் சும்மா உட்கார்ந்து, தானாக ஏதாவது செய்கிறதா என்றும் காத்திருந்தாள். செய்யவில்லை.

"இன்னாதான் ஆச்சாம்?"

"மழை" என்றேன்.

"பாஸ்" என்று இறங்கினாள். "தம்பி நாளைக்கு வருவான். அவன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

சொல்வதற்கு இரவே வசனம் தயார் செய்துவிட்டேன். மச்சான் காலை ரயிலில் வந்து இறங்கினான். வண்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். "வா மச்சான். உன்கிட்ட இருக்கற சாவியால வண்டியத் தொற பாப்போம்."

அவன் அழுத்தினான். ஒன்றும் இல்லை. கிட்டே போய் அழுத்தினான். கையை உயர்த்தி அழுத்தினான். நான் என் பாக்கெட்டிலிருந்து சாவியை மெதுவாக வெளியே எடுத்து ஒரே ஒரு முறை அழுத்தினேன். நான்கு கதவும் ஒரே சமயத்தில் சலாம் வைத்தன.

"சரி பண்ணிட்டேன்," என்றேன். "நானே கண்டுபுடிச்சு, நானே பக்கத்துல இருந்து மாத்தினேன். இனிமே இந்த வண்டி யாருக்கும் கெடையாது."

அவன் கையிலிருந்த சாவியைப் பார்த்தான். வண்டியைப் பார்த்தான். பிறகு முகமெல்லாம் மலர, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"அப்பாடா! நல்லா இருப்பீங்க மாமா. மூணு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல. அக்கா சொல்லும்போது வேணாம்னு சொல்ல பயம். ரெண்டு தபா அளந்து பாத்துட்டேன், எங்க வூட்டு கேட்டுக்குள்ள இது நொழையவே நொழையாது. எங்க கொண்டுபோய் நிறுத்தறதுன்னு முழிச்சிக்கினு இருந்தேன். நீங்களே வெச்சிக்கினு அவஸ்தப்படுங்க."